கேட்டதும் திருத்தியதும்: ஒரு ‘கதை வட்டம்’ சேவை குறித்த மதிப்புரை

பணியாளர்களின் அனுபவங்களைக் கதைகளாகத் திரட்டி, அவற்றின் வழியே அவர்களுடைய குரலை நிர்வாகத்தின் காதுக்குக் கொண்டுசேர்ப்பதாகச் சொல்லும் ஒரு சேவையை எங்கள் நிறுவனம் ஆறு மாத காலம் பயன்படுத்தியது. எங்கள் தரப்பு ஒருங்கிணைப்பாளர் என்ற பொறுப்பு என் தலையில் விழுந்ததால், முதல் அறிமுகக் கூட்டத்திலிருந்து இறுதி அமர்வு வரை ஒவ்வொரு கட்டத்தையும் அருகிலிருந்து பார்த்தேன். சேவையை வழங்கிய ஆலோசனை நிறுவனத்தின் பெயரை இங்கே குறிப்பிடப் போவதில்லை. ஏறத்தாழ இதே தொகுப்பைப் பலரும் வெவ்வேறு பெயர்களில் விற்றுவருவதால், இதை வாங்க நினைப்பவர்களுக்குப் பெயரைவிட உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிவதுதான் பயன்படும்.

தொகுப்பில் நான்கு பகுதிகள் இருந்தன. எட்டு எட்டுப் பேராக அமர்ந்து அனுபவங்களைப் பகிரும் பன்னிரண்டு கதை வட்டங்கள் முதலாவது. கதை சொல்லக் கற்றுத்தரும் இரண்டு நாள் பயிலரங்கு அடுத்தது. கைப்பேசி வழியே கதைகளைப் பதிவுசெய்து அனுப்ப ஒரு செயலி மூன்றாவது. திரண்ட கதைகளில் சிலவற்றைத் தேர்ந்தெடுத்துச் சிறு நூலாக அச்சிட்டு, உயர் நிர்வாகத்தின் முன் வாசித்துக் காட்டும் அமர்வு கடைசிக் கட்டம். முதல் பகுதியைப் போன்ற ஒன்றை என் பணிக்காலத்தில் நான் பார்த்ததில்லை. கடைசிப் பகுதியோ முதல் பகுதியில் கிடைத்தவற்றைப் பெரும்பாலும் வீணடித்துவிட்டது. ஒரே சேவைக்குள் இப்படி ஒரு முரண் எப்படி வந்தது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

பணியாளர்களின் கருத்தை அறிய எங்களிடம் ஏற்கெனவே ஆண்டுக்கொரு முறை நடக்கும் கருத்துக் கணிப்பும், வாயிலருகே தொங்கும் ஆலோசனைப் பெட்டியும் இருந்தன. (அந்தப் பெட்டியின் சாவி யாரிடம் இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு முறை எனக்கு அரை நாள் ஆனது, திறந்தபோது உள்ளே இரண்டு மிட்டாய் உறைகளும் தேதி இல்லாத ஒரு விடுப்புக் கடிதமும் இருந்தன.) கருத்துக் கணிப்பில் எப்போதும் ஐந்துக்கு நான்குதான் வரும். வேலை போய்விடக் கூடாது என்று நினைக்கிறவரும், எதைச் சொல்லியும் ஆகப் போவதில்லை என்று முடிவுகட்டிவிட்டவரும், உண்மையிலேயே நிறைவாக இருக்கிறவரும் அதே நான்கைத்தான் வட்டமிடுகிறார்கள். எலிசபெத் மாரிசன், பிரான்சஸ் மில்லிகன் ஆகிய இரு ஆய்வாளர்கள் 2000-ஆம் ஆண்டில் இந்த நிலைக்கு ‘நிறுவன மௌனம்’ என்று பெயரிட்டு எழுதினார்கள். மில்லிகனும் மாரிசனும் இன்னொருவரும் சேர்ந்து 2003-இல் வெளியிட்ட ஆய்வில், நேர்காணல் கண்ட 40 பணியாளர்களில் 85 விழுக்காட்டினர், முக்கியமான ஒன்றை மேலிடத்தில் சொல்ல முடியாமல் ஒரு முறையாவது வாயை மூடிக்கொண்டதாகக் கூறினார்கள். குறைசொல்பவர் என்று பெயர் வாங்கிவிடுவோம், உறவு கெட்டுவிடும், சொன்னாலும் எதுவும் மாறாது என்பவை அவர்கள் அடுக்கிய காரணங்களில் முக்கியமானவை. கருத்துக் கணிப்பில் வாங்கும் மதிப்பெண் இந்த மூன்றில் எதையும் காட்டிக்கொடுக்காது.

கதையிடம் போவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஜூலியன் ஓர் என்ற மானுடவியலாளர் 1980-களில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பழுதுபார்ப்பவர்களோடு சுற்றித் திரிந்து, அவர்கள் உணவு மேசையில் உட்கார்ந்து பேசுவதைக் கூர்ந்து கவனித்தார். நகலெடுக்கும் இயந்திரங்களைச் சரிசெய்வதற்கான வழிமுறைகள் நிறுவனத்தின் கையேட்டில் முழுமையாக இருப்பதாக மேலிடம் நம்பிக்கொண்டிருந்தது. கையேடு கைவிட்ட இடங்களில் அந்தத் தொழிலாளர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்ட கதைகளை வைத்தே இயந்திரங்களை ஓடவைத்துக்கொண்டிருந்தார்கள் என்பதை அவர் கண்டார். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வீண்பேச்சாகத் தெரிந்ததில்தான் அந்தத் தொழிலின் அறிவு முழுவதும் இருந்தது. எங்களிடம் வந்த ஆலோசனை நிறுவனம் தன் அறிமுகக் கூட்டத்தில் இந்த ஆய்வைத்தான் எடுத்துக்காட்டியது. எடுத்துக்காட்டு சரியானதுதான். ஆனால் ஜெராக்ஸ் பழுதுபார்ப்பவர்கள் தங்கள் கதைகளைத் தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள்; மேலதிகாரிக்குச் சொல்லவில்லை. இந்த வேறுபாடு அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

இனி கதை வட்டங்களுக்கு வருகிறேன். எங்களுக்கு வாய்த்த நெறியாளர் வானொலியில் பல ஆண்டுகள் வேலை பார்த்த பெண்மணி. முதல் வட்டம் பழுதுபார்ப்புப் பிரிவின் இரவு ஷிப்ட் ஆட்களோடு நடந்தது. ஷிப்ட் முடிந்து களைத்துப்போன எட்டுப் பேரும், இன்னொரு ஹெச்.ஆர். கூட்டம் என்ற அலுப்போடுதான் வந்து உட்கார்ந்தார்கள். அவர் பவர்பாயிண்ட் எதையும் போடவில்லை. குறிப்பேட்டைக்கூடத் திறக்கவில்லை. ஒலிப்பதிவுக் கருவியை எல்லோருக்கும் தெரியும்படி நடுவில் வைத்து, யார் கேட்டாலும் எந்த நேரத்திலும் அதை நிறுத்திவிடலாம் என்று சொல்லி, நிறுத்தும் விதத்தையும் செய்து காட்டினார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “இங்கே வேலை பார்த்ததில், வீட்டுக்குப் போன பிறகும் உங்க மனசை விட்டுப் போகாத நாள் எது?”

யாரும் பேசவில்லை. நான் இடையில் புகுந்து யாரையாவது பேசச் சொல்லலாமா என்று நெளிந்தபோது, அவர் என் பக்கம் திரும்பாமலேயே கையை மட்டும் லேசாக உயர்த்தித் தடுத்தார். ஒரு நிமிடத்துக்கு மேல் அந்த அமைதி நீடித்திருக்கும். அதன் பிறகு, பதினேழு ஆண்டுகளாக இரவு ஷிப்டில் இருக்கும் ஃபிட்டர் ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு பேசத் தொடங்கினார். கன்வேயரில் புதிதாகச் சேர்ந்த ஒரு பையனின் சட்டைக் கை சிக்கிக்கொண்ட இரவைப் பற்றியது அது. அவசர நிறுத்தப் பொத்தானுக்கு முன்னால் சரக்குப் பெட்டிகளை ஆளுயரத்துக்கு அடுக்கிவைத்திருந்ததால் கை எட்டவில்லை. இவர் சுற்றிக்கொண்டு ஓடிப்போய் மெயின் சுவிட்சை இறக்கினார். பையன் தோல் சிராய்ப்போடு தப்பித்தான்.

வேறொருவராக இருந்தால் “நல்ல வேளை, தப்பித்தான்” என்று சொல்லி அடுத்தவரிடம் போயிருப்பார்கள். நெறியாளர், “அப்ப மணி என்ன இருக்கும்?” என்று மட்டும் கேட்டார். மூன்றரை இருக்கும் என்றார் ஃபிட்டர். “சுவிட்சை இறக்கிட்டுத் திரும்பி வரும்போது மனசுல என்ன ஓடுச்சு?” என்று அடுத்துக் கேட்டபோதுதான் உண்மையான கதை வெளியே வந்தது. “நாலு தடவை எழுதிக் குடுத்திருக்கேன் மேடம். பொத்தானுக்கு முன்னாடி சரக்கை அடுக்காதீங்கன்னு. நாலாவது தடவை குடுத்தப்ப, உங்களுக்கு வேற வேலையே இல்லையான்னு கேட்டாங்க. அதோட விட்டுட்டேன். அன்னைக்கு ராத்திரி ஓடும்போது அதுதான் ஓடுச்சு. நான்தானே விட்டேன்னு.”

இந்தச் சேவையின் மொத்த மதிப்பும் எனக்கு அந்த ‘அதோட விட்டுட்டேன்’ என்ற சொல்லில் இருக்கிறது. ஆய்வாளர்கள் பக்கம் பக்கமாக விளக்கும் மௌனம், ஒரு மனிதனுக்குள் எந்த நாளில், யாருடைய எந்தச் சொல்லால் தொடங்கியது என்பதை வேறு எந்த முறையும் எங்களுக்குக் காட்டியதில்லை. ‘உங்கள் கருத்து என்ன’ என்று கேட்டால் ஆட்கள் உஷாராகிவிடுகிறார்கள். கருத்து என்பது ஒரு நிலைப்பாடு, அதற்கு விலை கொடுக்க வேண்டியிருக்கும். ‘என்ன நடந்தது’ என்று கேட்டால், நடந்ததைத்தானே சொல்கிறோம் என்ற தைரியத்தில் பேசுகிறார்கள். அந்த வட்டத்தில் ஒருவர் முடித்ததும் அடுத்தவர், “இதே மாதிரிதான் எங்க பக்கமும்” என்று தொடர்ந்தார். ஒன்றரை மணி நேரம் என்று வகுத்த கூட்டம் இரண்டே கால் மணி நேரம் நீண்டது. களைப்போடு வந்தவர்கள் ஒருவரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பன்னிரண்டு வட்டங்களில் ஒன்பதையாவது இதே தரத்தில் நடத்தினார்கள் என்று சொல்வேன். மேலாளரும் அவர் கீழ் வேலை செய்பவர்களும் ஒரே வட்டத்தில் இருந்த மூன்றுதான் பிசுபிசுத்தன. அவர்களைப் பிரித்து உட்காரவைக்கும்படி நெறியாளர் முன்பே எச்சரித்திருந்தார், பட்டியலைப் போட்ட எங்கள் தரப்புதான் கேட்கவில்லை என்பதையும் நேர்மைக்காகச் சொல்லிவிடுகிறேன்.

பயிலரங்கை நடத்தியவர்கள் வேறு குழுவினர். இங்கேதான் சேவை தடம் மாறத் தொடங்கியது. முதல் நாள் காலையிலேயே பலகையில் ஒரு மலையைப் போல வளைகோடு வரைந்து, நாயகன், தடை, திருப்பம், வெற்றி, படிப்பினை என்று ஐந்து இடங்களைக் குறித்தார்கள். ஒவ்வொருவரும் தன் அனுபவத்தை அந்த வளைகோட்டில் ஏற்றி, மூன்று நிமிடத்துக்குள் சொல்லிப் பழக வேண்டும். பயிற்சியாளர்கள் திறமைசாலிகள் என்பதில் ஐயமில்லை. கூச்சம் உள்ளவர்களைக்கூடப் பேசவைத்தார்கள். ஆனால் இரண்டாம் நாள் மாலையில் கேட்ட இருபது கதைகளும் ஒரே கதையாக ஒலித்தன. எல்லோரும் ஏதோ ஒரு தடையைச் சந்தித்து, குழுவாக நின்று, வென்று, எதையோ கற்றுக்கொண்டார்கள். வெல்லாதவர்களின் கதைக்கு அந்த வளைகோட்டில் இடமில்லை. வேலையிடத்தில் நடப்பவற்றில் பெரும்பகுதி முடிவே இல்லாமல் தொங்கிக்கொண்டிருப்பவை. எழுதிக் கொடுத்த கடிதம் என்ன ஆனது என்று யாருக்கும் தெரியாது.

நிறுவனக் கதைகள் அச்சில் வார்த்ததுபோல் இருப்பது புதிய செய்தி அல்ல. ஜோன் மார்ட்டினும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1983-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், வெவ்வேறு நிறுவனங்களில் ‘எங்களுக்கே உரியது’ என்று பெருமையோடு சொல்லப்பட்ட கதைகளை ஒப்பிட்டு, அவை ஏழே ஏழு வகைகளுக்குள் அடங்கிவிடுவதைக் காட்டினார்கள். விதியைப் பெரிய அதிகாரியே மீறினால் என்ன நடக்கும், பெரிய அதிகாரியும் நம்மைப் போன்ற மனிதர்தானா, கீழ்மட்டத்தில் இருப்பவர் மேலே வர முடியுமா, தவறு செய்தால் மேலதிகாரி எப்படி நடந்துகொள்வார் என்பவை அவற்றில் சில. இவற்றைக் கவனித்தால் ஒன்று புலப்படும்: தாமாகப் பரவும் கதைகள் படிப்பினைகளாக இல்லை, விடை தெரியாத அச்சங்களாக இருக்கின்றன. இங்கே எனக்குப் பாதுகாப்பு உண்டா, நீதி உண்டா என்ற கேள்வியைத்தான் ஆட்கள் கதையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். பயிலரங்கு அந்தக் கேள்வியை வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஓர் ஊக்க வாசகத்தை ஒட்டக் கற்றுக்கொடுத்தது. மேடையில் பேச வேண்டிய விற்பனைப் பிரிவினருக்கு இது பயன்படலாம். பணியாளர் குரல் என்ற தலைப்பின் கீழ் இதை விற்பது பொருத்தமற்றது.

செயலியைப் பற்றி அதிகம் சொல்ல ஏதுமில்லை. உள்நுழையப் பணியாளர் எண்ணைக் கேட்டது. எண்ணைக் கேட்கும் இடத்துக்கு நேர் கீழேயே ‘உங்கள் அடையாளம் பாதுகாக்கப்படும்’ என்று எழுதியிருந்தது. முதல் வாரத்துக்குப் பிறகு அதில் கதை வரவில்லை.

அடையாளம் என்ற விஷயத்தைத்தான் இந்தச் சேவை மிகவும் மேலோட்டமாகக் கையாண்டது. நூலில் எல்லாப் பெயர்களையும் மாற்றியிருந்தார்கள். ஆனால் கதைக்கு ஒரு குணம் உண்டு: அதை உயிரோட்டமாக்கும் நுணுக்கமே சொன்னவரைக் காட்டிக்கொடுத்தும்விடும். பதினேழு ஆண்டு, இரவு ஷிப்ட், ஃபிட்டர், மெயின் சுவிட்ச் என்ற நான்கு சொற்கள் போதும், எங்கள் வளாகத்தில் எவரும் ஆளைச் சொல்லிவிடுவார்கள். இதற்கு விடையே இல்லை என்று சொல்ல முடியாது. அமெரிக்க விமானத் துறையில் 1976 முதல் இயங்கிவரும் பாதுகாப்புத் தகவல் அமைப்பு, விமானிகளும் கட்டுப்பாட்டாளர்களும் தாங்கள் செய்த, பார்த்த தவறுகளைத் தங்கள் சொற்களிலேயே எழுதி அனுப்ப வழிசெய்கிறது. அது உருவானதற்குப் பின்னால் ஒரு துயரம் இருக்கிறது. 1974 டிசம்பர் 1 அன்று வாஷிங்டனை நோக்கித் தரையிறங்க வந்த ஒரு விமானம், தாழ்ந்து பறப்பதற்கான அனுமதியைத் தவறாகப் புரிந்துகொண்டு மலையில் மோதியதில் 92 பேர் இறந்தார்கள். அதற்கு ஆறு வாரங்களுக்கு முன்பே வேறொரு விமான நிறுவனத்தின் குழு அதே இடத்தில் அதே தவறைச் செய்து மயிரிழையில் தப்பித்திருந்தது. அந்தக் குழுவின் கதை அவர்களுடைய சொந்த நிறுவனத்துக்குள் சொல்லப்பட்டது. மற்ற நிறுவன விமானிகளின் காதுக்கு எட்ட வழி இருக்கவில்லை.

அந்த அமைப்பு அறிக்கைகளை வாங்கும் பொறுப்பை, தண்டிக்கும் அதிகாரம் கொண்ட விமானப் போக்குவரத்துத் துறையிடம் விடாமல், யாரையும் தண்டிக்க முடியாத நாசாவிடம் ஒப்படைத்தது. அறிக்கைத் தாளில் பெயர் இருக்கும் பகுதியைக் கிழித்து, நாள் முத்திரை குத்தி, அனுப்பியவருக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதுதான் அவருக்குச் சான்று. வேண்டுமென்றே செய்யாத தவறாக இருந்து, விபத்தாகவோ குற்றமாகவோ இல்லாமல், பத்து நாட்களுக்குள் அறிக்கை அனுப்பியிருந்தால், விதிமீறலுக்கான தண்டனையிலிருந்து பொதுவாக விலக்கும் கிடைக்கும். மாதந்தோறும் ஒரு சிறு வெளியீட்டில் சில கதைகளை அடையாளம் நீக்கி, எழுதியவரின் நடையிலேயே அச்சிடுகிறார்கள். காதைத் தருபவர் ஒருவர், கம்பைப் பிடித்திருப்பவர் வேறொருவர் என்ற அந்தப் பிரிவினையை எங்கள் சேவை நிறுவனம் ஒரு கணமும் எண்ணிப் பார்க்கவில்லை. ஒலிப்பதிவுகளின் மூலப்படிகள் ஒப்பந்தப்படி எங்கள் மனிதவளத் துறைக்கே வந்து சேர்ந்தன. ஆண்டு மதிப்பீட்டை முடிவுசெய்வதும் அதே துறைதான். இது எனக்குத் தெரியவந்தது நான்காம் மாதத்தில். பேசியவர்களுக்குத் தெரியாமலே போயிருக்கலாம். அந்தப் பதிவுகளைத் திறக்காமல் முத்திரையிட்டு வைக்கும்படி நான் எழுதிக் கொடுத்தேன், அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

நூல் அச்சாகி வந்த நாளில் முதலில் அந்த ஃபிட்டரின் கதையைத்தான் தேடினேன். ‘ஒரு நொடி, ஓர் உயிர்’ என்ற தலைப்பில் இரண்டு பக்கங்களில் இருந்தது. நள்ளிரவு, இயந்திரத்தின் இரைச்சல், இளைஞனின் அலறல், அனுபவசாலியின் சமயோசிதம் எல்லாம் இருந்தன. நடை நன்றாகவே இருந்தது. சரக்குப் பெட்டிகள் ‘எதிர்பாராத ஒரு தடை’ ஆகியிருந்தன. நான்கு கடிதங்கள் இல்லை. ‘உங்களுக்கு வேற வேலையே இல்லையா’ இல்லை. ‘அதோட விட்டுட்டேன்’ இருந்திருக்க வேண்டிய இடத்தில், பாதுகாப்பு என்பது ஒவ்வொருவரின் கையிலும் இருக்கிறது என்று அவர் உணர்ந்ததாக ஒரு வரி இருந்தது. மூல எழுத்துப்படியையும் அச்சுப் பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தபோது, அதிர்ச்சியைவிட வியப்புதான் மேலோங்கியது. ஒரு பொய்கூடச் சேர்க்காமல், வெறும் நீக்கல்களால் மட்டுமே ஒரு புகாரை வாழ்த்துரையாக மாற்றிவிட முடியும் என்பதை நான் அதுவரை எண்ணிப் பார்த்ததில்லை. அந்தக் கடைசி வரி மட்டும் விதிவிலக்கு. அது அவர் சொன்னதே இல்லை.

தொகுப்பாசிரியரிடம் கேட்டேன். எதிர்மறையாக இருந்தால் நிர்வாகம் தற்காப்புக்குப் போய்விடும், கேட்கும் மனநிலையைக் கெடுத்துவிடும் என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. இதே நல்லெண்ணம் வேலையிடங்களில் எத்தனை எச்சரிக்கைகளை வழியிலேயே மென்மையாக்கிக் கரைத்துவிடுகிறது என்பதுதான் சிக்கல். சேலஞ்சர் விண்கலம் 1986 ஜனவரி 28 அன்று ஏவப்பட்ட 73 விநாடிகளில் சிதறி ஏழு பேர் உயிரிழந்தார்கள். பூஸ்டர் ராக்கெட்டுகளைத் தயாரித்த நிறுவனத்தின் பொறியாளர்கள், குளிரில் ரப்பர் வளையங்கள் சரியாக அடைக்காது, ஏவ வேண்டாம் என்று முந்தைய இரவுவரை வாதாடினார்கள். அவர்களில் ஒருவரான ரோஜர் பாய்ஸ்ஜொலி, உயிரிழப்பு நேரலாம் என்று ஆறு மாதங்களுக்கு முன்பே குறிப்பாணையில் எழுதியிருந்தார். அன்றிரவு நாசாவோடு நடந்த தொலைபேசிக் கூட்டத்தின் நடுவே அந்த நிறுவனத்தின் மேலாளர்கள் தனியே கலந்துபேசி, ஏவலாம் என்று முடிவை மாற்றிச் சொன்னார்கள். ஏவுதலை இறுதியாக முடிவுசெய்த உயர் அதிகாரிகளுக்குப் பொறியாளர்கள் எதிர்த்த செய்தியே போய்ச்சேரவில்லை. எங்கள் கன்வேயரை விண்கலத்தோடு ஒப்பிடுவது மிகை என்று தோன்றலாம். அளவு வேறுதான், வழி ஒன்றுதான்: கீழே ‘ஆபத்து’ என்று புறப்பட்டது, ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்தப்பட்டு, மேலே ‘கவனத்தில் கொள்ளப்பட்டது’ என்று போய்ச் சேர்கிறது.

நூலின் பிரதியை ஃபிட்டரிடம் கொடுக்கும்போது எனக்குக் கூச்சமாக இருந்தது. இரண்டு பக்கங்களையும் நின்றபடியே படித்து முடித்தார். “நல்லாத்தான் எழுதியிருக்காங்க தம்பி,” என்றார். சற்று நேரம் கழித்து, “ஆனா இது எனக்கு நடந்தது இல்லையே,” என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். “வச்சுக்கோங்கண்ணே, உங்க பிரதிதான்,” என்றேன். மறுக்காமல் வாங்கிச் சட்டைப் பைக்குள் மடித்து வைத்துக்கொண்டார்.

நிர்வாக அமர்வு நாற்பது நிமிடம் நடந்தது. கதைகளை ஒரு தொழில்முறை வாசிப்பாளர் ஏற்ற இறக்கத்தோடு வாசித்தார். சிலருக்குக் கண் கலங்கியது, கைதட்டினார்கள். கதை சொன்னவர்கள் ஒருவரும் அந்த அறையில் இல்லை. வாசிப்பு முடிந்ததும், இவற்றில் எதற்கு யார் பொறுப்பேற்பது என்ற கேள்வி எழவே இல்லை, ஏனென்றால் எழுப்பும்படியாகக் கதைகளில் எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. கேட்பதோடு நிறுத்திக்கொள்வதில் தவறில்லை, அதை முன்கூட்டியே சொல்லிவிட்டால். பாஸ்டனில் 1997-இல் தொடங்கிப் பிறகு பல மருத்துவமனைகளுக்குப் பரவிய ஷ்வார்ட்ஸ் அமர்வுகளில், மருத்துவர்களும் செவிலியரும் பிற ஊழியர்களும் நோயாளிகளோடு ஏற்பட்ட மனப்பாரங்களைக் கதைகளாகப் பகிர்ந்துகொள்கிறார்கள். தீர்வு காண்பது அந்த அமர்வின் வேலை இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்தே இருப்பதால் யாரும் ஏமாறுவதில்லை. எங்களிடமோ ‘உங்கள் குரல் மாற்றத்தைக் கொண்டுவரும்’ என்று சுவரொட்டி ஒட்டியிருந்தார்கள். ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970-இல், ஓர் அமைப்பில் மனக்குறை உள்ளவருக்கு வெளியேறுவது, குரல் எழுப்புவது என்ற இரு வழிகள் இருப்பதாக எழுதினார். குரல் எழுப்பச் சொல்லி அழைத்துவிட்டு அதைக் காற்றில் விட்டால், முதல் வழியை நாமே திறந்துவிடுகிறோம். அந்த அமர்வுக்குப் பின் மூன்று மாதங்களில், வட்டங்களில் மனம்விட்டுப் பேசியவர்களில் இரண்டு பேர் வேலையை விட்டுப் போனார்கள். இதுதான் காரணம் என்று என்னால் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. காரணம் கேட்கும் வழக்கம் எங்களிடம் இல்லை.

பொத்தான் விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அது சரிசெய்யப்பட்டது. நூலோ அமர்வோ அதற்குக் காரணமில்லை. இரண்டாவது வட்டத்தில் பங்கேற்பாளராக உட்கார்ந்திருந்த பாதுகாப்பு அலுவலர், வேறொரு தொழிலாளி அதே பொத்தானைப் பற்றிப் போகிறபோக்கில் சொன்னதைக் கேட்டு, மறுநாள் காலையிலேயே கிடங்குக்குப் போய்ப் பார்த்தார். அடுத்த வாரம் பொத்தானை இடம் மாற்றி, தரையில் மஞ்சள் கோடு அடித்து, கோட்டுக்குள் சரக்கு வைக்கக் கூடாது என்று எழுதிவைத்தார்கள். செலவு என்று சொல்லும்படி எதுவும் ஆகவில்லை. கதை சொன்னவரும் அதைச் சரிசெய்யக்கூடியவரும் ஒரே அறையில், நடுவில் யாரும் இல்லாமல் உட்கார்ந்திருந்த ஒரே தருணம் அது.

ஆகவே இந்தச் சேவையை வாங்க நினைப்பவர்களுக்கு என் பரிந்துரை இதுதான். கதை வட்டங்களை மட்டும் வாங்குங்கள், நெறியாளர் யார் என்பதை முன்கூட்டியே சந்தித்து முடிவுசெய்யுங்கள், எதையும் சரிசெய்யும் அதிகாரம் உள்ள ஒருவரை, அவர் கீழ் வேலை செய்யாதவர்களின் வட்டத்தில், பேசாமல் கேட்கும் நிபந்தனையோடு உட்காரவையுங்கள். பயிலரங்கு வேண்டாம். செயலி வேண்டவே வேண்டாம். எழுத்துப்படி யாரிடம் இருக்கும், எத்தனை நாளில் அழிக்கப்படும், சொன்னவர் படித்து ஒப்புக்கொள்ளாமல் ஒரு வரியையும் மாற்றக் கூடாது என்பவற்றை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

நாங்களும் வட்டங்களை மட்டும் புதுப்பிக்க விரும்புவதாக அந்த ஆலோசனை நிறுவனத்துக்குத் தெரிவித்தோம். அதே நெறியாளர் வர வேண்டும், எழுத்துப்படிகள் எங்கள் மனிதவளத் துறைக்கு வரக் கூடாது, கதை சொன்னவர் ஒப்புதல் இல்லாமல் திருத்தக் கூடாது என்று மூன்று நிபந்தனைகள் வைத்தோம். முதல் நிபந்தனைக்கு அன்றே சம்மதம் வந்தது. மற்ற இரண்டைப் பற்றி உள்ளுக்குள் பேசிவிட்டுச் சொல்வதாக எழுதினார்கள். அதன் பிறகு இரண்டு முறை நினைவூட்டி எழுதிவிட்டேன். இதை எழுதும் நாள்வரை பதில் வரவில்லை.